இரண்டு கேளாக் காதுகளோடு பெங்களூரிலிருந்து தங்கவயலுக்கு

இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தோம். ஊர் என்றால் பெங்களூரு. இங்கே இங்கிலாந்தில், லீட்ஸில் யாராவது "உங்க ஊர் எது?" என்று கேட்டால் பெங்களூரு என்பேன். பெங்களூரில் யாராவது கேட்டால் கேஜிஎஃப் என்பேன், அதாவது கோலார் தங்கவயல். தங்கவயலில் கேட்டால் வட ஆற்காடு என்று தாத்தா காலத்துக் கதையைத் தொடங்க வேண்டும். அவ்வளவு தூரம் இந்தக் கட்டுரை போகாது, கவலைப்படாதீர்கள்.

போனது நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர் ஆலன், ஒன்பது வயது மகள் நிலா. ஆலன் லீட்ஸ்காரர். அவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் "போதும்". அதையும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னால் யாரும் மதிப்பதில்லை. நிலாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கருவி எதுவும் அவளுக்குச் சரிவராது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் நாங்கள் மூவரும் சைகை மொழியில்தான் பேசுகிறோம், சண்டை போடுகிறோம், ஜோக் அடிக்கிறோம். அவள் பள்ளியிலும் அதே மொழிதான். அவளைப் பொறுத்தவரை அவளுக்கு எந்தக் குறையும் இல்லை, தூங்கப் போகும் நேரத்தைத் தவிர.

அவள் இரண்டு வயதில் ஒரு முறை வந்தது. அதன் பிறகு இப்போதுதான். டிக்கெட் விலை, விசா, கொரோனா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆயிரம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் என் அப்பா.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. சுரங்கம் மூடப்படும்வரை தங்கவயலில் பாறையில் துளை போடும் வேலை பார்த்தவர். பூமிக்கடியில் ஒடுங்கிய இடத்தில் டிரில் மெஷினோடு கால் நூற்றாண்டு. அவருக்கும் காது கேட்காது. ஆனால் அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் சொன்னவர்கள் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. "எனக்கு நல்லாதான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே முனகுறீங்க" என்பார். வீடியோ காலில் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார். எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டார். ஏழு வருடமாக நிலா பார்த்ததெல்லாம் அவருடைய வலது காதையும் அதிலிருக்கும் நரைமுடியையும்தான்.

அந்தக் காதுக்குள் அண்ணன் சேகர் கத்திச் சொல்லும் செய்திகளுக்கெல்லாம் அப்பாவிடமிருந்து ஒரே கேள்விதான் திரும்பி வரும்: "பாப்பா பேச ஆரம்பிச்சிடுச்சா?" ஐந்து வயதில் பேசுவாள் என்றார். பிறகு ஏழு என்றார். நாங்கள் டிக்கெட் போட்ட செய்தி கேட்டதும், "பேச வெக்கிற டாக்டர்" ஒருவரிடம் நேரம் வாங்கி வைத்துவிட்டார். நாங்கள் வந்து இறங்கி ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. பேத்திமேல் பாசம் இல்லாமலில்லை, அளவுக்கு மீறி இருந்ததுதான் சிக்கல். தன் அம்மாவின் ஊரில் தன்னைப் பழுதான பொருளாகப் பார்க்கிறார்கள் என்று நிலாவுக்கு ஒரு முறை பட்டுவிட்டால் போதும், அவள் இனி எந்த ஜென்மத்திலும் இந்தப் பக்கம் வரமாட்டாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும், அது எங்கள் அப்பா வழியில் வந்தது.

விமானம் அதிகாலையில் இறங்கியது. விமான நிலையத்திலிருந்து தொம்மலூரில் இருக்கும் அப்பா வீடு சுமார் நாற்பது கிலோமீட்டர். டாக்ஸிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆனது. விடிவதற்குள் கிளம்பினால் ஒரு மணி நேரம், விடிந்த பிறகு கிளம்பினால் அது உங்கள் தலைவிதி. ஹெப்பாள் மேம்பாலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹார்ன் அடித்தார்கள். ஆலன் காதைப் பொத்திக்கொண்டார். நிலா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்கிய மரங்களையும், ஸ்கூட்டரில் நான்கு பேரோடு போன ஒரு நாயையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். பெங்களூரு டிராஃபிக்கைக் குறை சொல்லாத ஒரே ஆளை நான்தான் பெற்றிருக்கிறேன்.

எங்கள் வீடு தொம்மலூர் பழைய ஊர்ப்பகுதியில் இருக்கிறது. நான்கு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்களில் கம்பெனிகள், நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் எங்கள் தெரு. சுரங்கம் மூடிய பிறகு அப்பா இங்கே ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி வேலைக்கு வந்தார். தினமும் ரயிலில் வந்து போவது முடியாமல் ஆனதும் குடும்பத்தையே கொண்டுவந்துவிட்டார். அம்மா இப்போது இல்லை. அண்ணன் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியிலும், அண்ணி லதா ஒரு கார்மென்ட்ஸிலும் வேலை பார்க்கிறார்கள்.

முதல் நாள் காலை, தெருவில் தள்ளுவண்டிக்காரர் வந்தார். நிலா என் கையை உதறிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் தமிழில் ஏதோ கேட்டார். பதில் இல்லை. கன்னடத்தில் கேட்டார், பிறகு இந்தியில். நான் விளக்கம் சொல்ல ஓடுவதற்குள் அவர் புருவத்தை உயர்த்தி, ஒரு கொய்யாவை எடுத்துக் காட்டி, உள்ளங்கையால் "எத்தனை?" என்று கேட்டாயிற்று. நிலா இரண்டு விரல் காட்டினாள். அவர் காம்பு நல்லதாய் இருந்த இரண்டைப் பொறுக்கிக் கொடுத்தார்.

"பாப்பாவுக்கு காது கேக்காதுங்கண்ணா" என்றேன், மன்னிப்புக் கேட்பதுபோல.

"அப்டீங்களா? நான் இன்னா பாஷைன்னு யோசிச்சினு இருந்தேன்" என்றார். "இந்த ரோட்டுல பாதி பேருக்கு நம்ம பாஷை தெரியாதுக்கா. ஒருத்தர் பெங்காலி, ஒருத்தர் ஒடியா. கையிலதான் யாவாரம் ஓடுது."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். லீட்ஸில் ஒரு கடைக்காரரிடம் இதே காரியம் நடக்க நான் மூன்று வாக்கியம் பேச வேண்டும், அவர் இரண்டு முறை சாரி சொல்ல வேண்டும். நான் வளர்ந்த தெரு இப்படிப்பட்டது என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

வீட்டுக்குள் நிலைமை அவ்வளவு சுலபமாக இல்லை. நிலாவைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா சொல்லு. தா...த்தா" என்று உரக்கச் சொன்னார். அவர் உரக்கச் சொன்னால் எதிர்வீட்டில் பொங்குகிற பால்கூட அடங்கிவிடும். நிலா அவர் வாயையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பல்லு எங்கே போச்சு?" என்று கையால் கேட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

மூன்று நாள் இப்படியே ஓடியது. அவர் உரக்கச் சொல்வார். அவள் பார்ப்பாள். அவர் பெருமூச்சு விடுவார். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். நான்காம் நாள் இரவு என்னிடம் கேட்டாள்: "தாத்தாவுக்கு என் மேல கோபமா?" இல்லை என்றேன். "அப்போ ஏன் என்னைப் பாக்கும்போதெல்லாம் சோகமா இருக்கார்?" அவளைத் தூங்கவைத்தேன். டாக்டர் விஷயத்தை எப்படியாவது நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று ஆலனிடம் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் மாதம் பெங்களூரில் அவரைக்காய் காலம். தெருவெல்லாம் அந்த வாசனைதான் அடிக்கும். ஐந்தாம் நாள் அண்ணி ஊறவைத்த அவரைக் கொட்டைகளை ஒரு குண்டான் நிறைய அப்பா முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு ஒவ்வொரு கொட்டையாகத் தோலைப் பிதுக்கி எடுக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு துள்ளி வெளியே வரும். நிலா அதைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தாள். அவள் பிதுக்கிய முதல் பருப்பு நேராகப் பறந்து போய் அப்பாவின் நெற்றியில் ஒட்டியது.

 அப்பா மெதுவாக ஒரு கொட்டையை எடுத்தார், குறி பார்த்தார், திருப்பி அடித்தார். அன்றைக்குக் குழம்பில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். அப்பா அவளிடம் "தாத்தா சொல்லு" என்று ஒரு முறைகூடச் சொல்லாத முதல் மத்தியானம் அது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அப்பா, சனிக்கிழமை எல்லோரும் தங்கவயலுக்குப் போகலாம் என்றார். அவருடைய சுரங்கக் கூட்டாளி ஆரோக்கியம் மாமா வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து பாக்கி இருக்கிறதாம். அண்ணிக்கு சனிக்கிழமையும் வேலை, மற்ற ஐந்து பேரும் காரில் போகலாம் என்றான் அண்ணன். "டிரெய்னு" என்றார் அப்பா. அதற்கு மேல் அங்கே பேச்சில்லை.

போக நினைப்பவர்களுக்காக விவரம்: தொம்மலூரிலிருந்து கண்டோன்மென்ட் ஸ்டேஷன் ஏழு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு நூற்று அறுபது ரூபாய் கொடுத்தோம். அங்கிருந்து பங்காரப்பேட்டை சுமார் எழுபது கிலோமீட்டர். காலை எட்டு மணி வாக்கில் ஒரு பாசஞ்சர் ரயிலைப் பிடித்தோம். கட்டணம் ஆளுக்கு முப்பது ரூபாய்க்குள் அடங்கிவிட்டது, ஆலன் அதை நம்பாமல் இரண்டு முறை டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பங்காரப்பேட்டையில் இறங்கித் தங்கவயலுக்கு வண்டி மாற வேண்டும். காலையில் கூட்டமெல்லாம் எதிர்த்திசையில், தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிற கூட்டம். எங்கள் பெட்டியில் கால் நீட்ட இடம் இருந்தது.

கண்டோன்மென்ட் பிளாட்பாரத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. நானும் அண்ணனும் ஆலனும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பாவும் நிலாவும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி ரயில் வரும் பக்கம் பார்த்தார்கள். ரயில் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை, எங்களுக்குச் சத்தமும் கேட்கவில்லை. இரண்டு பேருமே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வண்டி வளைவில் தெரிந்தது. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  

பங்காரப்பேட்டையில் இறங்கியபோது ஆரோக்கியம் மாமா எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். எங்களை அழைத்துப் போக அவரே வந்துவிட்டார். நடுவில் தண்டவாளங்கள். அந்தப் பக்கக் கடைசி வழியில் ஒரு சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மேலே ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் அறிவிப்பு. பக்கத்தில் நின்ற அண்ணன் சொன்னதே எனக்குக் கேட்கவில்லை.

அப்பா கையை உயர்த்தினார். ஆரோக்கியம் மாமா வலது கையால் தன் இடது புருவத்தைத் தேய்த்தார். அப்பா தன் தொண்டைக் குழியில் இரண்டு விரலை வைத்து எடுத்தார். பிறகு இரண்டு கிழவர்களும் பேசத் தொடங்கினார்கள். முழுக்க முழுக்கக் கையால்.

மாமா விரல்களை மடக்கிக் காட்டிக் கேட்டார். அப்பா ஐந்து விரல் காட்டினார். மாமா ஸ்டேஷனுக்கு வெளியே கையைக் காட்டி, ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் கையை அசைத்தார். அப்பா வயிற்றைத் தட்டினார். மாமா கையை வாய்க்குக் கொண்டுபோய், பிறகு ஆவி பறப்பதுபோல் விரலை ஆட்டினார். பிறகு அப்பா நிலாவின் உயரத்துக்குக் கையைத் தாழ்த்தினார். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு பிதுக்குப் பிதுக்கி, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பக்கம் மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நிலா என் சட்டையை இழுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.  "தாத்தாவுக்கு சைன் தெரியும்! ஏன் நீ சொல்லவே இல்ல?"

எனக்கே தெரியாதே, என்ன சொல்வேன்? சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன். தங்கவயல் ஆண்கள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்கள், அம்மா அதைக் கேலி செய்வாள். அது ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நிலா அடுத்துக் கேட்டதுதான் என்னை அசைத்தது. "பிதுக்கி நெத்தியத் தொட்டாரே, அது என் பேர்தானே? தாத்தா எனக்கு சைன் பேர் வெச்சிருக்காரா?" காது கேளாதவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுத்துக் கூட்டிப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்காமல், ஒவ்வொருவருக்கும் அவருடைய குணத்தையோ அடையாளத்தையோ வைத்து ஒரு சைகைப் பெயர் கொடுப்பார்கள். அதை நீங்களே வைத்துக்கொள்ள முடியாது, உங்களைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டவர்கள் கொடுக்க வேண்டும்.

மாமா கொண்டுவந்திருந்த வேனில் போகும்போது அவரிடம் அந்தக் கைப்பேச்சைப் பற்றிக் கேட்டேன். அவரும் என் பக்கம் காதைத் திருப்பி, "இன்னாமா?" என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் விளங்கிக்கொண்டார்.

"கீழ டிரில்லு ஓடச்சொல்ல பேரு சொல்லிக் கூப்ட முடியுமா?" என்றார். "உங்கப்பனுக்குப் புருவத்துல தழும்பு, அதான் அவன் பேரு. என் கழுத்துல ஜபமாலை, அதான் என் பேரு. கம்பெனில எழுதி வெச்சிருந்த பேரு சம்பளத்துக்கு மட்டும்தான்."

அப்பாவின் இடது புருவத்தில் தழும்பு இருப்பது எனக்குத் தெரியும். அது அவருடைய பெயர் என்று முப்பத்தைந்து வயதில் தெரிந்துகொண்டேன்.

தங்கவயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்காரப்பேட்டையிலிருந்து சாலை வழியே பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். ஊருக்குள் நுழையும்போதே சயனைட் மேடுகள் தெரியும். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், வெளுத்து, மழை அரித்து, மலைமலையாய் நிற்கிறது. அதன்மேல் ஏறாதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள். காற்றடித்தால் அந்தத் தூசி ஊர் முழுக்கப் பறக்கும். சுரங்கத்துக்குள் அனுமதி கிடையாது. சாலையிலிருந்து பார்த்தாலே ஆட்களை இறக்கிய இரும்புக் கோபுரங்கள் தெரியும், துருப்பிடித்து, சக்கரம் மட்டும் வானத்தில் நிற்கும். அதற்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அதை ஆலன் நிலாவுக்குச் சொல்லும்போது கையைக் கீழே இறக்கிக்கொண்டே போனார், தரை வந்ததும் உட்கார்ந்தார், அப்புறமும் போதவில்லை. நாங்கள் எல்லோரும் அந்தக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தபடி நின்றோம். என் அப்பா நாள்தோறும் அந்த ஆழத்துக்குப் போய், பிறகு வீட்டுக்கு வந்து என்னை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னவர்.

ஆரோக்கியம் மாமா வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் இன்னும் தொங்கியது. பிரியாணி, கிறிஸ்துமஸ் இனிப்பான கல்கல், முறுக்கு. பக்கத்து வீடுகளிலிருந்து இன்னும் இரண்டு பழைய சுரங்கக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். நான்கு பேருக்குமே காது அரைகுறை, நான்கு பேருமே அதை ஒத்துக்கொள்ளாதவர்கள். அப்படி நான்கு பேர் கூடினால் கத்த வேண்டியதில்லை என்பதை அன்று பார்த்தேன். கை பேசியது, முகம் பேசியது, தோளைத் தட்டிக் கூப்பிட்டார்கள். நிலா அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய சைகை மொழி வேறு, அவர்களுடையது வேறு. ஆனாலும் தெரியாத கையைத் தெரிந்துகொள்வதில் அவளுக்கு நிகர் யாருமில்லை, ஒன்பது வருடமாக அதுதானே அவள் வேலை. அந்த வீட்டில் அன்று வேடிக்கை பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவர்கள் காது கேட்கிற நாங்கள்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஏதோ கதை சொல்லத் தொடங்கினார். உள்ளங்கையைத் தலைக்கு மேல் வைத்தார், மற்றவர்கள் மூவரும் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். கை படாரென்று கீழே விழுந்தது. கண்ணை மூடினார். பிறகு ஆரோக்கியம் மாமாவின் கையை இழுத்து, அந்த உள்ளங்கையில் விரலால் அழுத்தினார். மாமா திருப்பி அழுத்தினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நிலாவின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன?" என்று அவளிடம் கேட்டேன். என் அப்பா சொல்லும் கதையை என் மகள் எனக்கு மொழிபெயர்த்தாள்.

"மேலே இருந்து பாறை விழுந்துடுச்சு. விளக்கு அணைஞ்சு போச்சு. ஒண்ணுமே தெரியல. வெடிச்ச சத்தத்துல யாருக்கும் காதும் கேக்கல. அதனால கையைப் பிடிச்சுக்கிட்டு, கைக்குள்ளேயே பேசினாங்க. இருக்கியா? இருக்கேன். இருக்கியா? இருக்கேன். ஆளுங்க வர்ற வரைக்கும்."

அண்ணனைப் பார்த்தேன். அவனுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் இந்தக் கதை ஒரு நாளும் சொல்லப்பட்டதில்லை. வாயால் சொல்ல அவருக்கு வரவில்லையோ என்னவோ. நிலா எழுந்துபோய் அப்பாவின் கையை எடுத்தாள், உள்ளங்கையில் ஒரு முறை அழுத்தினாள். அவர் திருப்பி அழுத்தினார். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன், அழுகையை அடக்க முடியவில்லை.

பயணத் தகவல்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். டிசம்பர், ஜனவரிதான் நல்ல பருவம், காலையில் மட்டும் ஸ்வெட்டர் வேண்டும். ரயில் நேரம் அடிக்கடி மாறுகிறது, முந்தின நாள் சரிபாருங்கள். வார நாட்களில் காலையில் பெங்களூரு நோக்கியும் மாலையில் தங்கவயல் நோக்கியும் வருகிற வண்டிகளில் ஏறாதீர்கள், அவை வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகள். அங்கே ஒவ்வொரு இருக்கைக்கும் பல வருடத்துச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள். தங்கவயலில் தெரிந்தவர் இல்லாவிட்டால் வேனோ ஆட்டோவோ அரை நாளுக்குப் பேசிக்கொள்வது நல்லது. காது கேளாத பிள்ளைகளோடு போகிறவர்கள், சாலையைக் கடக்கும்போது கையை விடாதீர்கள், பெங்களூரில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஹார்னை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். மற்றபடி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. நான் ஏழு வருடம் பயந்தேன், அதில் ஆறரை வருடம் வீண்.

சாயங்காலம் பங்காரப்பேட்டையிலிருந்து திரும்பும் ரயிலில் நல்ல கூட்டம். நிலாவும் அப்பாவும் ஜன்னலோரத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நிலாவுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் ஆரஞ்சுப் பழப் பை. நல்ல மனசுக்காரி. ஒரு பழத்தை உரித்து நிலாவிடம் நீட்டி, "உம் பேரு இன்னாமா?" என்று கேட்டார். நிலா சிரித்தாள், பழத்தை வாங்கிக்கொண்டாள். அந்த அம்மா இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பேச வராதா? அய்யோ, பாவம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "திங்கக்கெழம டாக்டர்ட்ட காட்டப்போறோம்மா. சரியாயிடும்."

பாவம் என்கிற முகம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். நிலாவுக்கு அது அத்துப்படி. கையில் இருந்த சுளையை வாய்க்குக் கொண்டுபோகாமல், "என்ன சொல்றாங்க?" என்று என்னிடம் கேட்டாள். அவளிடம் நான் எதையும் மறைப்பதில்லை. ஆனால் அப்போது என் கை எழவில்லை. இத்தனை நாள் நான் பயந்தது இதற்குத்தான், அதுவும் இப்படி ஒரு நாளின் கடைசியில்.

அப்பா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "இன்னாடா கேக்குறாங்க?" என்றார் அண்ணனிடம். அண்ணன் குனிந்து அவர் காதில் சொன்னான். அப்பாவின் காதில் சொல்வது என்றால் பெட்டிக்கே சொல்வது. பாவம், பேச வராதா என்று கேட்கிறார்கள் என்பதைப் பெட்டி முழுக்கக் கேட்டது.

 அப்பா அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அவளுக்குக் காது கேக்காதும்மா" என்றார். அவருடைய வழக்கமான குரலில்தான், அதாவது பக்கத்துப் பெட்டிக்கும் போகிற குரலில். "எனக்கும் கேக்காது. எங்க ரெண்டு பேருக்கும் கேக்காது. எதுனா கேக்கணும்னா மூஞ்சியப் பாத்து, கையக் காட்டிக் கேளு. நல்லாப் பேசுவா."

அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடமாக, அம்மா சண்டை போட்டும், டாக்டர் சொல்லியும், வேலை போகும் என்று மேனேஜர் மிரட்டியும் அந்த மனிதர் வாயிலிருந்து வராத சொல் அது.

அவர் இன்னும் முடிக்கவில்லை. "டேய் சேகரு, திங்கக்கெழம டாக்டரு வேணாம். வரலைன்னு சொல்லிடு. நீயும் லதாவும் கையக் கத்துக்குங்க. கேக்காத நாங்களே இவ்ளோ பேசறோம், கேக்கற உங்களுக்கு இன்னா கேடு?"

பெட்டியில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, நிலாவின் தோளைத் தொட்டு, இன்னொரு ஆரஞ்சைக் காட்டி, வேண்டுமா என்று தலையை ஆட்டிக் கேட்டார். நிலா தலையசைத்துவிட்டு என்னிடம் திரும்பிக் கேட்டாள். எல்லோரும் ஏன் தாத்தாவையே பார்க்கிறார்கள்? தாத்தா என்ன சொன்னார்?

எங்கள் சைகை மொழியில் "நாங்கள் இரண்டு பேரும்" என்பதற்கு ஒரே அசைவுதான். இரண்டு விரலை நீட்டி, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவே அசைக்க வேண்டும். என் விரலை அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவே அசைத்தேன். பிறகு காதைத் தொட்டு, கேட்காது என்றேன். தாத்தா இதைத்தான் சொன்னார், எல்லோர் முன்னாலும் சொன்னார் என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் நடக்காததுபோல ஆரஞ்சுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன்.